நத்தையைத் தேடிய ராஜா

ராஜாக்கள் பாதி நாளைக் கண்ணாடி முன்னால் கழித்த அந்தக் காலத்தில், கும்பளாபுரி என்ற நாட்டை மகுடதுங்கன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் முகத்தில் ஒரு மீசை நிலைத்து நிற்காது. ஒரு மாதம் முறுக்கு மீசை, மறு மாதம் அரும்பு மீசை, அதற்கும் அடுத்த மாதம் மழுமழுவென்று வெறும் முகம். நாணயத்தில் இருப்பது ராஜாவின் முகமல்லவா? மீசை மாறும்போதெல்லாம் பழைய நாணயம் செல்லாது என்று தண்டோரா போட்டுவிடுவார். ஜனங்கள் சேர்த்துவைத்ததெல்லாம் ஒரே சவரத்தில் போய்விடும்.

இந்தக் கூத்தைப் பார்த்து நொந்துபோன யாரோ ஒருவர், ஒரு விடியற்காலையில் கடைத்தெருவில் ஓலை ஒன்றைத் தொங்கவிட்டுப் போனார்.

"இன்று முதல் ஆளுக்கு நூறு கூவுகாசு. கையிலும் இருக்காது, பையிலும் இருக்காது. கொடுக்க வேண்டுமானால் நடுத்தெருவில் நின்று, இன்னாருக்கு இத்தனை கொடுத்தேன் என்று கூவுங்கள். சுற்றி நிற்பவர்கள் 'கேட்டாச்சு' என்றால் காசு கைமாறிவிட்டது. ஊரே சாட்சி. இப்படிக்கு, நத்தை."

விளையாட்டாகத்தான் தொடங்கினார்கள். ஆனால் மீசையே இல்லாத காசு எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. கீரைக்காரி முதல் யானைப்பாகன் வரை கூவினார்கள். ராஜாவின் முகம் பெட்டிக்குள் கிடந்தது.

ராஜாவுக்குப் பொறுக்கவில்லை. "யாரந்த நத்தை? பிடித்து வாருங்கள்," என்றார். சேனாதிபதி ஒரு கூடை நிறைய நத்தை பிடித்துவந்து சிம்மாசனத்தின் முன் கவிழ்த்தார். அவற்றைப் பெருக்கித் தள்ளவே மத்தியானம் ஆயிற்று.

கடைசியில் ராஜா மந்திரி சேந்தனைக் கூப்பிட்டார். "சேந்தா, அமாவாசைக்குள் நத்தையை என் முன்னால் நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் உன் தலை உனக்கில்லை."

"நிறுத்தினால் அவரை என்ன செய்வீர்கள், மகாராஜா?"

"அது அன்றைய மனநிலையைப் பொறுத்தது. முத்துமாலை போட்டாலும் போடுவேன், தலையை எடுத்தாலும் எடுப்பேன்."

அந்த நத்தை வேறு யாருமில்லை, சேந்தனேதான். பிடித்துக் கொடுத்தால் தலை போகலாம். கொடுக்காவிட்டால் கட்டாயம் போகும். எப்படிப் பார்த்தாலும் அது ஒரே தலை. வீடு போய்ச் சேரும்வரை கழுத்தைத் தடவிக்கொண்டே நடந்தார். நடக்க நடக்க, பொக்கிஷத் தலைவர் கனகசபையாரின் நினைவு வந்தது. சேந்தன் தும்மினால் அதைவிட உரக்கத் தும்மிக் காட்டுகிற ஆள் அவர்.

மறுநாள் ராஜாவுக்குப் பணியாரம் நன்றாக வாய்த்திருந்தது. முகம் மலர்ந்து சபைக்கு வந்தார். அதுதான் சமயம் என்று சேந்தன் எழுந்தார்.

"மகாராஜா, விசாரித்துவிட்டேன். இது சாதாரண மூளை செய்த வேலை இல்லை. காசோடு பிறந்து காசோடு வளர்ந்தவர் செய்தது. அடக்கத்தால் வாய் திறக்காமல் இருக்கிறார் போலும்." சொல்லிவிட்டுக் கனகசபையாரைப் பார்த்தார். உடனே கூரையைப் பார்த்தார்.

"அவ்வளவு பெரிய மூளையா? அப்படியானால் முத்துமாலை மட்டும் போதாது. என் பக்கத்தில் ஓர் ஆசனமும் போடலாம்," என்றார் ராஜா.

கனகசபையாருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தொண்டையைச் செருமினார். "சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன், மகாராஜா."

"எதை?"

"அடியேன்தான் நத்தை."

சபை வாயைப் பிளந்தது. ராஜா மாலையைக் கழற்றப் போனார். சேந்தன் குறுக்கிட்டார். "மாலையை நாளைக்குப் போடலாம், மகாராஜா. இன்று ஜனங்கள் இவரைக் கண்ணாரக் காணட்டும். கடைத்தெருவில் பந்தல் போடுவோம். கூவுகாசைப் பற்றி யார் என்ன கேட்டாலும் நத்தையாரே பதில் சொல்வார்."

"பேஷாகச் சொல்கிறேன்," என்றார் கனகசபையார்.

அவர் பந்தலில் உட்கார்வதற்குள் வரிசை கோட்டை வாசல்வரை நீண்டுவிட்டது. முதலில் ஒருவன் காற்றுக் குரலில் பேசினான். "சாமி, தொண்டை கட்டிக்கிச்சு. கூவ முடியல. என் காசெல்லாம் உள்ளயே மாட்டிக்கிச்சு. எடுத்துக் குடுங்க."

"மிளகுக் கஷாயம் குடி, போ."

"மிளகு வாங்கவும் கூவணுமே, சாமி."

அவனைத் தள்ளிக்கொண்டு எண்ணெய்க் கடைக்காரர் வந்தார். "பக்கத்து வீட்டுக் கிளி என் குரல்லயே கூவி, என் காசு பூராவையும் கொய்யாப்பழக்காரனுக்குக் குடுத்துடுச்சு. ஏன் இப்படிப் பண்ணினேன்னு கேட்டா, 'கேட்டாச்சு'ங்குது."

அடுத்து கீரைக்காரி செங்கமலம். "ஆரம்பத்துல என் நூறு காசையும் குடுத்து ஒரு கத்தரிக்காய் வாங்கினேன். இன்னிக்கு அதே நூறுக்கு எருமை தர்றாங்க. நீங்கதானே ஆரம்பிச்சு வச்சீங்க? என் எருமை எங்க?"

"அந்தக் கத்தரிக்காய் எங்கே?"

"கூட்டு வச்சுத் தின்னாச்சு. பேச்சை மாத்தாதீங்க ஐயா, எருமைக்கு வாங்க."

பொழுது சாய்வதற்குள் கனகசபையார் தலைப்பாகை இல்லாமல் அரண்மனைக்கு ஓடிவந்து ராஜாவின் காலில் விழுந்தார். "நான் நத்தை இல்லை, மகாராஜா. பொறாமையில் பொய் சொல்லிவிட்டேன். சிறையில் போடுங்கள். கதவு கனமாக இருக்கிற சிறையாகப் பார்த்துப் போடுங்கள். செங்கமலம் பின்னாலேயே வருகிறாள்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. மோவாயைச் சொறிந்தார். "சேந்தா, இன்று அரண்மனைக்கு ஒரு குறைகூட வரவில்லை. கவனித்தாயா?"

"கவனித்தேன். எல்லாரும் நத்தையைத் திட்டப் போயிருந்தார்கள்."

"மத்தியானம் தூங்கினேன் தெரியுமா? பட்டம் சூடிய பிறகு இன்றுதான் மத்தியானத் தூக்கம். நிஜமான நத்தை கிடைத்துவிட்டால்?"

"கிடைத்தவர் உங்கள் குடிமகன் ஆகிவிடுவார், மகாராஜா. அவர் சரியில்லை என்று மறுபடி உங்களிடம்தான் வருவார்கள். கிடைக்காதவரை திட்டு முழுவதும் அவருக்கே."

ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்படியானால் தேடாதே. இல்லை, நாம் நிறுத்தினால் ஜனங்கள் தேட ஆரம்பிப்பார்கள். நீயே தேடு. ஆனால் அவன் கிடைத்துவிடக் கூடாது. அப்படித் தேடத் தெரிந்தவன் உன்னைவிட்டால் வேறு யார்?"

முத்துமாலை சேந்தனின் கழுத்தில் விழுந்தது. விழுவதற்குக் கழுத்து இருந்ததே அவருக்குப் பெரிய சந்தோஷம். கனகசபையாருக்கு, சந்தை கூடும் நாளிலெல்லாம் பந்தலில் உட்கார்ந்து நத்தையின் சார்பில் திட்டு வாங்கும் உத்தியோகம் கிடைத்தது.

அதிலிருந்து மாதம் பிறந்தால் சேந்தன் சபையில் எழுந்து நிற்பார். "சல்லடை போட்டுச் சலித்துவிட்டேன், மகாராஜா. நத்தை அகப்படவில்லை."

"சபாஷ்," என்பார் ராஜா. "இந்த மாதமும் இதே கவனத்தோடு தேடு."