ரெண்டு எம்.டி.யும் ஒரு கதவும்

தென்காசிப் பக்கம் சங்கரலிங்கத்துக்கு ஓர் அப்பளக் கம்பெனியும் ரெண்டு மாப்பிள்ளைகளும் இருந்தார்கள். மாப்பிள்ளைகளைவிட அப்பளத்துக்கு விவரம் ஜாஸ்தி. சத்தியமாகச் சொல்கிறேன்.

காசிக்குக் கிளம்பும்போது, யாருக்கும் மனத்தாங்கல் வரக்கூடாதே என்று ரெண்டு பேரையுமே எம்.டி. ஆக்கினார்.

"எந்த உத்தரவும் ரெண்டு பேரும் சேர்ந்துதான் போடணும் மாப்பிள்ளை. ஒருத்தர் பேச்சைக் கேட்டு இங்க யாரும் துரும்பைக்கூட அசைக்கப்படாது. கல்யாண ஆர்டர் கையில இருக்கு. அது கெட்டுப்போச்சுன்னா கம்பெனிக்கு மூடுவிழாதான்!"

மூத்தவர் மாடக்கண்ணும் இளையவர் கோமதிநாயகமும் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ரெண்டு பேரும் ஒண்ணாப் பேசினா கூச்சலாயிருமே, சகலை?"

"முதல் பாதி நீங்க சொல்லுங்க. மிச்சம் நான்."

"மரியாதையா இருக்குமா?"

"பிரமாதமா இருக்கும்."

அன்றிலிருந்து அப்படித்தான். ஆறு மணிச் சங்கு ஊதியதும் மாடக்கண்ணு "கதவை" என்பார். கோமதிநாயகம் "பூட்டு" என்பார். பியூன் இசக்கி பூட்டுவான். அடடா, என்ன நிர்வாகம்!

கல்யாண அப்பளம் மொத்தமும் மாடியில் காய்ந்த அன்று, கோமதிநாயகம் பல்லைப் பிடுங்கிவிட்டு வாய் நிறையப் பஞ்சோடு வந்தார். அன்றைக்குத்தானா மழை பிடிக்க வேண்டும்?

"அப்பளத்தை!" என்று கத்தினார் மாடக்கண்ணு.

"ம்ம்ம்ம்!" என்றார் கோமதிநாயகம்.

மாடியில் வேலையாட்கள் கூடிப் பேசினார்கள்.

"அப்பளத்தை என்னல செய்யணுமாம்?"

"ம்ம்ம்ம்னு செய்யணுமாம்."

"அது எப்படில?"

"தெரியாத வேலையைத் தொட்டுக் கெடுத்துரக் கூடாதுப்பா."

பொறுப்பான ஆட்கள். குடை பிடித்து நின்று பார்த்தார்கள். அப்பளம் மாவாகிக் குழாய் வழியே தெருவுக்கு இறங்கியது.

காசியிலிருந்து வந்த சங்கரலிங்கம் ஆபீஸ் அறையில் தையதக்கா என்று குதித்தார். "என் பொழைப்பே போச்சே! ரெண்டு பேரும் வேலையை விட்டு வெளிய போங்கய்யா!"

"சேர்ந்துதானே போகணும், சகலை?"

சேர்ந்தே போனார்கள். ரெண்டு தொப்பை, ஒரு வாசல். நடுவில் அடைத்துக்கொண்டார்கள்.

"ஏ இசக்கி, கதவை இடிச்சாவது என்னை வெளிய விடு! ஆர்டர்காரர் கால்ல விழுந்தாவது ரெண்டு நாள் டைம் கேக்கணும். கடைசி பஸ் போயிரும்!" என்று உள்ளே சிக்கிய சங்கரலிங்கம் அலறினார்.

"எம்.டி. ரெண்டு பேரும் சொல்லணுமே மொதலாளி" என்றான் வெளியே நின்ற இசக்கி.

"எங்களைத்தான் தூக்கிட்டீங்களே மாமா" என்றார் மாடக்கண்ணு, வருத்தமாக.

"மறுபடியும் நீங்கதான் எம்.டி! சொல்லித் தொலைங்க!"

மாடக்கண்ணு முடிந்தவரை நெஞ்சை நிமிர்த்தி, "கதவை" என்றார். சரியாக அப்போது ஆறு மணிச் சங்கு ஊதியது.

"பூட்டு" என்றார் கோமதிநாயகம். பழக்க தோஷம்.

உத்தரவு என்றால் உத்தரவு. இசக்கி ரெண்டு பேர் கையையும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்து வெளியே போட்டான். கதவைச் சாத்திப் பூட்டினான். வேலை முடிந்த குஷியில் எம்.டி.க்கள் டீக்கடைக்குப் போய்விட்டார்கள்.

கதவு அதிர்ந்தது. "திறடா எழவெடுத்தவனே! மொதலாளி சொல்றேன்!"

இசக்கி சாவித்துவாரத்தில் வாயை வைத்துப் பணிவாகச் சொன்னான். "ஒருத்தர் பேச்சைக் கேட்டு எப்படித் திறக்கிறது மொதலாளி? உள்ள வேற யாராவது இருந்தா, மிச்சப் பாதியை அவங்களைச் சொல்லச் சொல்லுங்க."