மலையேறிக் காட்டியவர்

மருதையனுக்குக் கெடுதல் செய்தவன் தண்டபாணி, மலைமேல் இருக்கும் மடத்தின் காரியஸ்தன். அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் இந்தக் கதையைத் தொடங்க வேண்டும்.

மருதையனின் வலது கால் மடத்துத் தேர்ச் சக்கரத்தில் போனது. அவர் உயிரோடு இருக்கும்வரை மடத்து அரிசி அவர் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அன்றைய பெரிய சாமி சொல்லி வைத்தார். கண் தெரியாதவர், கை விளங்காதவர், வேலை போய் முடங்கியவர் என்று அடிவாரத்தில் இன்னும் பல வீடுகளில் அந்த அரிசியில்தான் உலை கொதித்தது.

பிற்பாடு வந்த தண்டபாணி புது ஏற்பாடு ஒன்று செய்தான். அரிசி வாங்குகிறவர்கள் அமாவாசையன்று மலையேறி வந்து, தங்களால் முடியாது என்பதை நேரில் காட்ட வேண்டும்.

மருதையன் உட்கார்ந்தபடியே கையை ஊன்றி ஊன்றி ஏறினார். விடியலில் கிளம்பியவர் உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்.

“இவ்வளவு உயரம் ஏறி வந்திருக்கே. உனக்கென்னய்யா குறை?” என்றான் தண்டபாணி.

“நீங்கதானே வரச் சொன்னீங்க.”

“ஏற முடியாதவனுக்குத்தான் அரிசி. ஏற முடிஞ்சவன் வேலை செஞ்சு சாப்பிடணும்.”

“அப்போ வராதவங்களுக்குக் குடுப்பீங்களா?”

“வராதவனை எதை வச்சு நம்பறது?”

பிறகு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: “காலை மடக்கிக் கட்டியிருக்கானான்னு பாருங்க. வேஷக்காரன்.”

நாலு பேர் சிரித்தார்கள்.

அரிசி நின்றது. மனைவி அங்கம்மாள் தினமும் இருந்த கஞ்சியை மருதையனுக்கு ஊற்றிவிட்டு, “நான் அப்பவே குடிச்சாச்சு” என்றாள். சட்டியைப் பார்த்தால் பொய் என்று தெரியும். மலையேற முடியாமல் அரிசியை இழந்த பக்கத்து வீட்டுச் சின்னான், பார்வை இல்லாதவர், சந்தையில் பிச்சை எடுக்கப் போனார். திரும்பவில்லை.

இப்போதைய சாமி சின்ன வயதுக்காரர். மருதையனுக்கு மகன் போல. ஆனாலும் அவரிடம்தான் மருதையன் தீட்சை வாங்கியிருந்தார். பௌர்ணமிதோறும் சாமி அடிவாரத்து மண்டபத்துக்கு இறங்கி வந்து பேசுவார். அரிசி நின்ற பின் வந்த பௌர்ணமியில் மன்னிப்பைப் பற்றிப் பேசினார்.

பேச்சு முடிந்ததும் மருதையன் கேட்டார். “சாமி, பசியோட இருக்கிறவன் எப்படி மன்னிக்கிறது?”

“உங்களுக்கு அரிசி வருதே?”

“நிறுத்தியாச்சு.”

“போதும்னு நீங்களே சொல்லிட்டதா தண்டபாணி சொன்னாரே.”

மருதையன் நடந்ததைச் சொன்னார்.

சாமி அவரை மலைப்படிகளின் அடிக்கு அழைத்துப் போனார். பிறகு கேட்டார். “எப்படி ஏறினீங்க? காட்டுங்க.”

மருதையன் முதல் படியில் உட்கார்ந்து, பின்பக்கம் கையை ஊன்றி, அடுத்த படிக்கு எம்பினார்.

சாமி தன் மேல்துண்டால் வலது காலை மடக்கிக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“எந்திரிங்க சாமி. ஜனங்க பாக்குது.”

“பாக்கட்டும். கையை எங்க ஊனணும்?”

“விரல்ல பாரம் குடுக்காதீங்க. உள்ளங்கையில குடுங்க.”

பாதி வழியில் சாமிக்கு மூச்சு வாங்கியது.

“சாமிக்கு இந்த வித்தை வரலை” என்றார் மருதையன். பல நாளைக்குப் பிறகு அவருக்குச் சிரிப்பு வந்தது.

“குரு சரியில்ல” என்றார் சாமி.

உச்சியில் தண்டபாணி ஓடி வந்தான். “சாமி, என்ன கோலம் இது?”

“மலையேறி வந்துட்டேன். எனக்கு என்ன வேலை குடுக்கப் போறீங்க?”

தண்டபாணி தண்ணீர்ச் சொம்பை நீட்டினான். சாமியால் அதைப் பிடிக்க முடியவில்லை. சொம்பு உருண்டது. தோல் உரிந்த உள்ளங்கைகளைத் தண்டபாணி பார்த்தான்.

“இந்தக் கையால எது முடியும்னு யோசிச்சு வைங்க” என்றார் சாமி. “நாளையிலேர்ந்து எல்லார் வீட்டு அரிசியும் உங்க தோள்ல மலை இறங்கணும்.”

மறுநாள் அரிசி வந்தது. அங்கம்மாள் மருதையனுக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள். ரசத்துக்கு இன்னொரு தரம் சோறு போட்டுக்கொண்டாள். அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் மருதையனின் சோறு ஆறிப் போனது. சின்னானைத் தேடி மடத்து வண்டி போனது. எலும்பும் தோலுமாக, ஆனால் உயிரோடு வந்து இறங்கினார்.

அடுத்த பௌர்ணமியில் மருதையன் கடைசி ஆளாக எழுந்தார்.

“சாமி, வயிறு நிறைஞ்சிருச்சு. மனசு மட்டும் அப்படியே நிக்குது.”

“ஏன்?”

“மூட்டையை வாசல்ல இறக்கினான். என் மூஞ்சியைப் பாக்காமப் போயிட்டான். அத்தனை பேருக்கு முன்னாடி வேஷக்காரன்னு சொன்னானே, அது அப்படியே கிடக்கு. நான் மன்னிச்சிடணுமா?”

சாமி தன் உள்ளங்கையைப் பார்த்தார். புதுத்தோல் இன்னும் சிவந்திருந்தது.

“அவர் வந்து கேட்டாரா?”

“இல்ல.”

“அப்போ அவர் இன்னும் அடிவாரத்துலதான் நிக்கிறார். ஏறி வரட்டும்.”