பண்ணையார் நடந்து போட்ட படம்

பண்ணையார் தெய்வநாயகம் உழுது போட்ட தன் பன்னிரண்டு ஏக்கருக்கும் டவுன் ஆளை வைத்து மண் வரைபடம் போட்டார். படம் முழுக்க ஒரே காப்பி நிறம். அதைப் பார்த்த களையெடுக்கும் மாடத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள்.

பண்ணையாருக்கு மூக்குக்கு மேல் கோபம். "ஏட்டி, பொழுது சாயுமுன்ன நீ ஒரு படம் போடு. ஈரம் எங்க நிக்கும், எங்க நிக்காதுன்னு தெரியணும். மண்வெட்டி தொடக் கூடாது. பொழுது சாயுற வரைக்கும் வயலுக்குள்ள உன் கால் படக் கூடாது. ஜெயிச்சா, பிடிச்ச ஒரு ஏக்கர்ல நீயே பயிர் வச்சுக்கிடு. தோத்தா பண்ணைப் பக்கமே வராத!"

ஊரே வரப்பில் கூடிவிட்டது.

"சரிங்க ஐயா. எனக்குக் காயிதம் புரியாது. உங்க படத்துல எந்த மூலை எதுன்னு முதல்ல நடந்து காட்டுங்க."

மழை பெய்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. பண்ணையார் படத்தை விரித்துப் பிடித்து, புதுச் செருப்பு கிரீச்சிட, வடகோடியிலிருந்து தென்கோடிவரை நடந்தார். தெற்கே சேறு ஒரு செருப்பைப் பிடித்துக்கொண்டது. ஒற்றைச் செருப்போடு கரையேறினார்.

"ஐயா, திரும்பிப் பாருங்க. படம் போட்டாச்சு, போட்டது நீங்கதான். வடக்க உங்க தடம் விழுந்ததும் சரிஞ்சுட்டு. அது மணல், ஈரம் நிக்காது. நடுவுல குதிகால் மட்டும் பதிஞ்சிருக்கு. அது செம்மண், கம்புக்கு ஆகும். தெக்க கணுக்கால்வரை இறங்கிட்டீங்க. அது களிமண், மழை தள்ளிப்போனாலும் தாங்கும்."

கூட்டம் விசிலடித்தது. பண்ணையார் பல்லைக் கடித்தார். "எந்த ஏக்கர் வேணும்?"

"உங்க செருப்பு கிடக்குதே, அந்த ஏக்கர்."

"சரி, போய்ச் செருப்பை எடுத்துட்டு வா."

"இன்னும் பொழுது சாயலையே ஐயா. நான்தான் வயலுக்குள்ள கால் வைக்கக் கூடாதே!"