நிறம் ஏறாத சில்வண்டு

பேராசிரியர் தாணுமூர்த்தியிடம் ஆய்வு மாணவியாகச் சேர்ந்தபோது ஜெசிந்தாவுக்கு நாற்பத்து மூன்று வயது. பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. விடுமுறைகளையெல்லாம் பாபநாசம் மலையில் சில்வண்டுகளோடு கழித்தாள். ஆறு வருஷத்தில் ஆய்வேட்டை முடித்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அவர் இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் காலை அவளைக் கூப்பிட்டார்.

“மண்ணுக்குள்ள வேர்ச்சாறு குடிச்சு வளர்ற இளம்பூச்சி, அது மரமேறித் தோல் உரிக்கிறது, ஆண் வண்டோட சத்தம், எல்லாம் இருக்கு. பூதத்தானியாவைப் பத்தி ஒரு வரிகூட இல்லையே?”



பூதத்தானியா, முப்பது வருஷத்துக்கு முன் அவர் உலகுக்கு அறிவித்த சில்வண்டுப் பேரினம். வெளிர்பச்சை உடல். ஆண் வண்டு ஒலியெழுப்பும் சவ்வை மூடியிருக்க வேண்டிய தகடு, இதில் சுருங்கிக் கிடக்கும். கிடைத்தது ஒரே ஒரு வண்டு. அது அவருடைய அலமாரியில் இருந்தது. பிடித்துக் கொடுத்தவர் மலையில் அவருக்கு வழிகாட்டிய பழங்குடிக்காரர் பூதத்தான் காணி. அதே வாரம் பாம்பு கடித்து அவர் இறந்துபோனார். அவர் பெயரையே பேரினத்துக்கு வைத்தார் தாணுமூர்த்தி. அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைப் பூதத்தானின் மகள் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியிருந்தாள். மலைக்குப் போகும்போதெல்லாம் ஜெசிந்தா சாப்பிட்டது அந்த வீட்டில்தான்.

“ஏன் விட்டீங்க?”

“அது தனிப் பேரினம் இல்ல சார்.”

“அப்ப என்ன அது?”

“நம்ம கறுப்புச் சில்வண்டுதான். தோல் உரிச்ச உடனே அப்படித்தான் இருக்கு. பச்சையா, தகடு விரியாம. மத்தியானத்துக்குள்ள கறுத்துடுது. பதினேழு தடவை உட்கார்ந்து பார்த்துட்டேன். எழுதினா அந்தப் பேரு செல்லாமப் போயிரும். அந்த அக்கா முகத்துல நான் எப்படி சார் முழிப்பேன்?”

தாணுமூர்த்தி எழுந்து பெட்டியை எடுத்து வந்தார். லென்ஸை வைத்து வண்டை வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு துண்டுச் சீட்டில் கறுப்புச் சில்வண்டின் பெயரை எழுதி, வண்டைக் குத்தியிருந்த ஊசியிலேயே பழைய சீட்டுக்குக் கீழே செருகினார்.

“அன்னைக்குக் காலையில பூதத்தான் இதைத் தீப்பெட்டியில வெச்சுக் கொண்டுவந்தார்,” என்றார். “நான் பூச்சியைக் கொல்ற மருந்துக் குப்பியைத் திறந்தேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டார். ‘நிறம் இன்னும் ஏறல சார், மத்தியானம் வரைக்கும் விட்டு வையுங்க’ன்னார். எனக்குப் பதினோரு மணிக்குப் பஸ்.”

“இதை நீங்க யார்கிட்டயுமே சொன்னதில்லையே சார்.”

“இல்ல.”

வெள்ளைத்தாள் ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

“விட்ட அத்தியாயத்தை எழுதுங்க. முதல்ல கண்டு சொன்னவர் பூதத்தான் காணி, கேக்காதவன் நான்னு ஆரம்பிங்க. அவர் மகள்கிட்ட நானே போய்ச் சொல்லிக்கிறேன்.”