சர்க்கரைச் சட்டை

"என் உடம்புக் காவல்காரனை எவன் விலைக்கு வாங்கினான், டாக்டரம்மா?"

சங்கரபாண்டி கேட்டார். நாற்பது வருடம் மில் தொழிலாளர்களைத் திரட்டியவர். இப்போது குடலில் புற்று. எதிரியின் முகத்தைப் பார்க்காமல் அறுவைக்குக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று பரிசோதனைக்கூடத்துக்கே வந்து உட்கார்ந்துவிட்டார்.

டாக்டர் தில்ஷாத்துக்கு அவர் மகள் வயது.

"யாரும் வாங்கலை ஐயா."

"வாங்காமலா உள்ள விட்டான்? வெளிய பெஞ்சுல ஒருத்தன் உக்காந்திருக்கான் பாருங்க, மாசிலாமணி. எங்க போராட்டப் பந்தலுக்குக் காவல் நின்னவன். அவன் வழிவிட்ட ஆளுதான் பந்தலைக் கொளுத்தினான். ஸ்ட்ரைக்கே உடைஞ்சுது. விலைபோனவன்னு நானே நோட்டீஸ் எழுதி ஊரெல்லாம் ஒட்டினேன்."

"அவர் மூணு நாளா உங்களைப் பாக்கக் காத்திருக்காரு."

"முப்பத்தெட்டு வருஷமா நான் அவன் மூஞ்சியில முழிக்கல. காத்திருக்கட்டும்."

தில்ஷாத் நுண்ணோக்கியை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

முதல் கண்ணாடித் துண்டு. செல்களைச் சுற்றி மெல்லிய பழுப்புக் கோடு.

"இது உங்க நல்ல செல். அந்தப் பழுப்பு, சர்க்கரை. செல்லுக்கு மேல இருக்கிற புரதத்துல சங்கிலி சங்கிலியாத் தொங்கும். சாயம் ஏத்திக் காட்டியிருக்கோம்."

"எனக்குச் சர்க்கரை வியாதியே கிடையாதே!"

"அது ரத்தத்துல ஐயா. இது செல் போட்டிருக்கிற சட்டை."

இரண்டாவது துண்டு. கோடுகள் கருகருவென்று தடித்துக் கிடந்தன.

"இவன்தானா அந்தப் பய?" சங்கரபாண்டி பல்லைக் கடித்தார். "இவ்வளவு அப்பட்டமா எதிரிச் சட்டை போட்டிருக்கான். காவல்காரனுக்குக் கண்ணு என்ன பொட்டையா?"

"எதிரிச் சட்டை இல்லை. அதுவும் உங்க உடம்போட சர்க்கரைதான். 'நான் இந்த வீட்டு ஆளு, தொடாதே'ன்னு காவல் செல்லுக்குச் சொல்ற அடையாளம். நல்ல செல்லு அளவாப் போட்டிருக்கும். இது அள்ளி அப்பியிருக்கு."

"அப்ப காவல்காரன்?"

தில்ஷாத் எழுந்தார். ஓரமாக ஒதுங்கி நின்று, யாரோ பெரிய மனிதருக்கு வழிவிடுவதுபோல் கையை நீட்டினார்.

சங்கரபாண்டி மறுபடி குனிந்தார். வெகுநேரம் தலையைத் தூக்கவில்லை.

பிறகு கைத்தடியைக்கூட எடுக்காமல் வெளியே போனார்.

மாசிலாமணி பதறி எழுந்தார். "தொந்தரவு பண்ண வரல தோழர். சும்மா பாத்துட்டு..."

"உக்காரு. அன்னைக்கு நீ வழிவிட்ட ஆளு சட்டையில என்ன குத்திக்கிட்டு வந்தான்?"

"தோழர்?"

"கேக்கிறேன்ல, சொல்லு."

"நம்ம சங்க பேட்ஜுதான்." மாசிலாமணி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். "மூணு குத்தியிருந்தான், தோழர். எனக்கே நீங்க ஒண்ணுதான் குடுத்திருந்தீங்க."