கரையில் விழுந்த ஓட்டு

கடலுக்கு நடுவே சங்குத்திட்டு என்றொரு சின்னத் தீவு. அங்கே குடிதண்ணீர் ஒரே ஓர் ஊற்றில்தான் இருந்தது. ஊற்றுக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மண்கரை. அந்தக் கரையை ஒட்டி, கொம்பி என்ற வெள்ளாடு தன் குட்டியோடு குடியிருந்தாள்.

ஒரு நாள் காலையில் குட்டி ஊற்றில் வாய் வைத்தது. உடனே முகத்தைச் சுளித்தது.

"அம்மா, தண்ணி கரிக்குது!"

கொம்பி கரைப் பக்கம் ஓடிப்போய்ப் பார்த்தாள். கரையில் விரிசல்! கடல்நீர் கசிந்துகொண்டிருந்தது. பௌர்ணமியன்று கடல் ஏறும். அன்று கரை உடைந்தால் ஊற்று முழுக்க உப்பாகிவிடும். பிறகு குட்டி எதைக் குடிக்கும்?

தலைவரிடம் முறையிடலாம் என்றால், தலைவரே இல்லை. பழைய தலைவரான ஆமை, "போதுமப்பா உங்க பஞ்சாயத்து!" என்று கடலுக்கே போய்விட்டது. புதுத் தலைவருக்கான தேர்தல் பௌர்ணமியன்றுதான்.

கொம்பி கழுதையிடம் ஓடினாள். "அண்ணே, கரை விரிஞ்சிருக்கு. நாலு கல்லு கொண்டாந்து போடுங்களேன்!"

"ஐயையோ, தேர்தல் அறிவிச்சாச்சே! இப்ப கரையில கை வச்சா விதிமீறல். என்னை ஜெயிக்க வை, கற்கோட்டையே கட்டித் தர்றேன்!"

கொக்கு, இன்னோர் ஊற்றுத் தோண்டித் தருவதாகச் சொன்னது. காகம், மேகத்தைக் கூட்டிவருவதாகச் சொன்னது. நண்டு எல்லாரையும் மிஞ்சிவிட்டது.

"நான் ஜெயிச்சா பாலம் கட்டுவேன்!"

"பாலமா? எங்க போறதுக்குத் தம்பி?"

"அதைப் பிறகு பார்த்துக்கலாம்க்கா!"

ஆக, எல்லாரும் வேட்பாளர்கள். ஓட்டுப் போடத்தான் ஆளில்லை. கழுதை கொக்கைக் கும்பிட்டது. கொக்கு நண்டைக் கும்பிட்டது. "என் ஓட்டு உனக்குத்தான்!" என்று எல்லாரும் எல்லாரிடமும் சத்தியம் செய்தார்கள். கொம்பி மட்டும் தேர்தலில் நிற்கவில்லை. கரையை நினைத்து அவளுக்குத் தூக்கமே வரவில்லை.

பௌர்ணமி வந்தது. பூவரச மரத்தடியில் வேட்பாளர்கள் நின்றார்கள். ஆளுக்கொரு சிப்பி. பிடித்த வேட்பாளரின் முன்னால் அதைப் போடுவது அந்தத் தீவின் வழக்கம்.

கழுதை தன் காலடியிலேயே சிப்பியைப் போட்டுக்கொண்டது. கொக்கும் அப்படியே. காகமும் அப்படியே. நண்டும் அப்படியே. யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

எல்லாருக்கும் ஒரே ஓர் ஓட்டு! மிச்சமிருந்தது கொம்பியின் சிப்பி மட்டும்தான்.

"கொம்பியக்கா! கொழுந்து இலை பறிச்சுத் தரட்டுமா?" என்று குழைந்தது காகம். "குட்டி எப்படி இருக்கு?" என்று விசாரித்தது கழுதை.

கொம்பிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இத்தனை நாளா என் பேச்சு யார் காதுலயும் ஏறல. இப்பதான் அக்காவா? பொழுது சாயறப்ப ஓட்டுப் போடுறேன். அதுக்குள்ள கரையில யார் என்ன வேலை செய்யறீங்கன்னு பார்க்கப்போறேன்!"

"விதிமீறலாச்சே!" என்று இழுத்தது கொக்கு.

"அந்த விதியை யார் போட்டா?"

நால்வரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரும் போடவில்லை!

அப்புறமென்ன? கழுதை கல் சுமந்தது. கொக்கு கோரைப்புல் கொண்டுவந்தது. நண்டு மண் தோண்டியது. காகம், "அக்கா, இந்தக் குச்சி நான் போட்டது!" என்று ஒவ்வொரு குச்சிக்கும் கத்தியது. கொம்பி குளம்பால் மிதித்து மிதித்து மண்ணை இறுக்கினாள்.

பொழுது சாய்ந்தது. மூவரும் ஓடிப்போய்ப் பூவரசடியில் விறைப்பாக நின்றுகொண்டார்கள். நண்டைக் காணோம். கடல் ஏறத் தொடங்கியிருந்தது.

கொம்பி கரைக்கு ஓடினாள். கரையின் அடியில் ஒரு பொத்தல். அதை நண்டு இரண்டு கொடுக்காலும் அடைத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் அதன் முகத்தில் பீய்ச்சி அடித்தது.

"தம்பி, ஓட்டுப் போடுற நேரம்! வா!"

"ஜெயிச்சது யாருன்னு அப்புறம் சொல்லுக்கா! மொதல்ல கொஞ்சம் மண்ணு கொண்டா!"

கொம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பாலம் கட்டுவேன் என்று அளந்த நண்டா இது! அவள் தன் சிப்பியை அந்தப் பொத்தலில் வைத்து அழுத்தினாள். அதன்மேல் மண்ணைத் தள்ளி மிதித்தாள். கசிவு நின்றது.

"என் ஓட்டைப் போட்டுட்டேன்!"

"செல்லாது! மரத்தடியில்தான் போடணும்!" என்று பறந்து வந்தது கொக்கு.

பின்னாலேயே வந்த கழுதை யோசித்தது. "வேட்பாளர் முன்னாடி போடணும்ங்கிறதுதான் வழக்கம். நண்டு நின்ன இடத்துல போட்டிருக்கா. செல்லும்!" என்றது. சொல்லிவிட்டு, வருகிற அலையைப் பார்த்தது. போய் இன்னொரு கல்லைத் தூக்கி வந்தது. காகமும் ஓடியது. கொக்குகூட முணுமுணுத்துக்கொண்டே புல் பிடுங்கப் போனது.

கடல் வந்து மோதிப் பார்த்தது. கரை அசையவில்லை. கடல் திரும்பிப் போனது.

சில நாளில் ஊற்றுநீர் தெளிந்தது. குட்டி வயிறு முட்டக் குடித்துவிட்டுத் துள்ளியது. "அம்மா, தண்ணி இனிக்குது!"

"தலைவரே, பாலம் எப்ப?" என்று கேலி செய்தது காகம்.

"கரையை இன்னும் ஒரு முழம் உசத்தணும். நீ குச்சி கொண்டா!" என்றது தலைவர் நண்டு.

பதவி வந்தால் செய்வேன் என்பவரைவிட, பதவியை மறந்து வேலையில் இறங்குபவரே தலைமைக்குத் தகுந்தவர்.