சதுப்பில் எழுந்த மேடு

சபையாரே, கொஞ்சம் நில்லுங்கள். ஆராதனை முடிந்தது, வீட்டில் சோறு ஆறுகிறது என்று கிளம்பிவிடாதீர்கள். உங்களை ஓர் இடத்துக்கு அழைத்துப் போகவேண்டும். கடலைக் கடந்து வாருங்கள். மலாயா நாட்டில், சுங்கை மெர்பாவ் என்னும் ரப்பர்த் தோட்டத்தின் கோடிக்கு வாருங்கள். அங்கே ஒரு குன்றின்மேல் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. வெள்ளையடித்த சுவரும் இரும்புக் கதவும் அதற்கு உண்டு. குன்றின் அடியில் சதுப்பு கிடக்கிறது. முழங்கால் ஆழம் தோண்டுவதற்குள் தண்ணீர் ஊறிவிடும். மேலே புதைக்கப்பட்டவர்கள் கிறிஸ்தவர்கள். கீழே புதைக்கப்பட்டவர்களும் கிறிஸ்தவர்களே. மேலே கிடப்பவர்கள் உலர்ந்த மண்ணில் உறங்குகிறார்கள். கீழே கிடப்பவர்களின் பெட்டிகள் மிதந்துவிடாதபடி கல்லேற்றி நீரில் அமிழ்த்தப்பட்டன. பாருங்கள், நன்றாகப் பாருங்கள்! இந்தக் கோட்டைக் கிழித்தவர் யார்? ஆண்டவரா? தோட்டத்து வெள்ளைக்காரத் துரையா? அவருக்கு இவர்கள் எல்லாரும் ஒன்றுதான். கிழித்தவர்கள் நாம். நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது வேதபுத்தகத்தை ஒரு மூட்டையிலும் சாதியை இன்னொரு மூட்டையிலும் கட்டிக்கொண்டு போனோம். முதல் மூட்டை வழியில் நனைந்தது. இரண்டாவது மூட்டையை ஒரு துளி ஈரமும் படாமல் கரைசேர்த்தோம்.

அந்தச் சதுப்பின் ஓரத்தில் ஒரு தாய் நின்றார். அவர் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

பரிபூரணம் அம்மையார் திருநெல்வேலிச் சீமையில், தேரிக்காட்டை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவர் கணவர் மாசிலாமணி உபதேசியார். ஊர்ச் சபையின் ஊழியச் சங்கம் இவ்விருவரையும், ஆறு வயது மகள் ரூத்தையும் மலாயாத் தோட்டத் தமிழரிடையே ஊழியம் செய்ய அனுப்பிவைத்தது. உபதேசியார் பிரசங்கம் செய்தார், ஞானஸ்நானத்துக்கு ஆயத்தப்படுத்தினார். அம்மையாருக்குப் பிரசங்கம் வராது. நாலு பேர் கூடினாலே நா ஒட்டிக்கொள்ளும். ஆகவே அவர் புண் கழுவினார்.

தோட்டத்தில் செருப்பு இல்லாத கால்கள் ஏராளம். அட்டை கடித்த இடம் சீழ் வைக்கும். பால் வெட்டும் உளி வழுக்கிய இடம் புரையோடும். பால்மரம் வெட்டிவிட்டு ஆட்கள் தங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பும் வேளையில், அம்மையார் மண்ணெண்ணெய்த் தகரத்தில் வெந்நீர் காய்ச்சி, உப்புப் போட்டு, பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். கழுவும்போது வாய் மெல்ல ஜெபித்துக்கொண்டிருக்கும். ரப்பர்ப் பாலின் புளித்த நாற்றமும் சீழின் நாற்றமும் கலந்த அந்த லய வாசலே அவருக்குக் கோயில். கிராணிமார் வீட்டுப் பெண்கள் அவ்வழியே போக நேர்ந்தால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"உபதேசியார் வீட்டம்மா, கையைக் கழுவிட்டுத்தான் சோறு பெசைவீகளா?" என்று ஒருத்தி கேட்பாள்.

"சோறு பெசைஞ்சிட்டுத்தான் கையக் கழுவுவேன் தாயி, வாங்களேன் சாப்பிட" என்பார் அம்மையார். லயத்துப் பெண்கள் சிரிப்பை அடக்கமாட்டாமல் திரும்பிக்கொள்வார்கள்.

கிராணி என்றால் தோட்டத்துக் கணக்கர். சுங்கை மெர்பாவில் பெரிய கிராணி அருமைநாதன் என்பவர். சபையின் மூப்பரும் அவரே. ஆலயத்தின் முன் பெஞ்சும் குன்றின்மேலிருந்த கல்லறைத் தோட்டத்தின் சாவியும் அவர் வசம் இருந்தன. அவர் கெட்டவர் என்று எண்ணிவிடாதீர்கள். தவறாமல் ஜெபிப்பவர், குடிக்காதவர். அப்படிப்பட்டவர்களால்தான் இந்தக் கொடுமை நிலைக்கிறது என்பதற்காகவே அவரைப் பற்றிச் சொல்கிறேன்.

தோட்டத்துக்குப் போதகர் எப்போதாவதுதான் வருவார். நற்கருணை அப்பமும் ரசமும் கொடுக்க அவருக்கு மட்டுமே அதிகாரம். அம்மையார் குடியேறியபின் அவர் முதன்முதலாக வந்த ஞாயிற்றுக்கிழமை. மலேரியாக் காய்ச்சல் லயங்களைப் பிடித்து உலுக்கிய காலம் அது. ஆலயத்துக்குள் பின்புறம் தரையில் அமர்ந்திருந்த கூலிகளில் பாதிப்பேர் குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். அம்மையார் அதைப் பார்த்தார். எழுந்து போய், நடுங்குகிறவர்களை ஒவ்வொருவராகக் கைத்தாங்கலாக அழைத்து வந்து பீடத்தின்முன் முதல் வரிசையில் முழங்காலிடச் செய்தார். முதலில் வாங்கிக்கொண்டால் சீக்கிரம் போய்ப் படுக்கலாமே என்பதுதான் அவர் எண்ணம். அவ்வளவுதான் அவர் செய்த குற்றம்.

பீடத்துக்கு வருவதில் ஒரு வரிசை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத வரிசை அது. கிராணிமார் குடும்பங்கள் முதலில், வேலை வாங்கும் கங்காணிமார் அடுத்து, எல்லாருக்கும் கடைசியில் சேரியிலிருந்து வந்த கூலிகள். கிண்ணம் ஒன்று, அது மேலிருந்து கீழேதான் வரவேண்டும். அம்மையாருக்கு அது தெரியவில்லை. தெரியாமற்போனதற்குக் காரணம் இருக்கிறது. அவர் பிறந்த ஊர் முழுவதும் ஒரே சாதி. அங்கே ஆலயத்தில் முந்தியும் இல்லை, பிந்தியும் இல்லை. அதைச் சமத்துவம் என்று அவர் எண்ணிக்கொண்டு வளர்ந்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் அப்படி ஏமாந்து வளர்ந்திருக்கிறோம்!

கிண்ணம் கூலிகளின் உதடுகளில் பட்டுத் திரும்பியது. கிராணிமார் குடும்பங்கள் எழவில்லை. போதகர் கிண்ணத்தைக் கையில் ஏந்தியபடி காத்து நின்றார். அருமைநாதனின் மனைவி எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "எச்சியக் குடிக்கவா கப்பலேறி வந்தோம்?"

முன் பெஞ்சுகள் காலியாயின. நடுங்கிக்கொண்டு முழங்காலிட்டிருந்த லேயாள் என்னும் கூலிப் பெண் அம்மையாரின் சேலையைப் பிடித்து இழுத்து, "அம்மா, எங்களப் பின்னாடி உக்கார வெச்சுருங்க அம்மா. எங்களால உங்களுக்குப் பொல்லாப்பு வேணாம்" என்று கெஞ்சினாள்.

அன்று மாலை போதகர் அம்மையாரைத் தனியே அழைத்துப் பேசினார். "நீங்க செஞ்சது வேதத்துக்கு விரோதமில்ல அம்மா. ஆனா சபைக்குச் சமாதானம் வேணுமே. மூப்பர்கிட்ட ஒரு மன்னிப்புக் கேட்டுருங்க" என்றார். சொல்லிவிட்டு மறுநாள் அடுத்த தோட்டத்துக்குப் புறப்பட்டுப் போனார். சத்தியம் தெரிந்தவர் வாயில் சமாதானம் என்ற சொல் எவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்துகொள்கிறது!

அம்மையார் மன்னிப்புக் கேட்கவில்லை. உபதேசியார் குடும்பத்துக்கு ஒதுக்கியிருந்த வீடு பறிபோயிற்று. அவர்கள் லயத்தில் லேயாளின் அறைக்குப் பக்கத்து அறைக்குக் குடிபோனார்கள். ஒழுகுகிற கூரை; மூடாத சாக்கடை. கொசு கூட்டம் கூட்டமாய் மொய்த்தது. ரூத்துக்குக் காய்ச்சல் கண்டது.

ஏழு வயதுப் பிள்ளை. கொயினா மாத்திரை கொடுத்தார்கள், வாந்தியெடுத்தது. எத்தனையோ பேர் புண்ணை ஆற்றிய கை தன் மகளின் நெற்றியில் ஈரத்துணியைப் போடுவதும் எடுப்பதுமாகவே இருந்தது. "ஆண்டவரே, எனக்கு ஒண்ணும் தெரியலியே" என்பது தவிர அம்மையாருக்கு வேறு ஜெபம் வரவில்லை. மழை பிடித்துக்கொண்ட ஒரு விடியற்காலையில் பிள்ளையின் மூச்சு நின்றது.

துக்கம் விசாரிக்க முதலில் வந்தவர் அருமைநாதன் கிராணியார். குடையை மடக்கி வாசலில் சாய்த்துவிட்டு, உண்மையிலேயே கண் கலங்கி நின்றார்.

"உபதேசியாரே, நடந்தது நடந்துபோச்சு. பிள்ளை நம்ம பிள்ளை. மேட்டுல, என் தாயார் கல்லறைக்குப் பக்கத்துலயே எடம் இருக்கு. கதவத் தொறந்துவிடுதேன். ஒங்க வீட்டம்மா மூப்பர்மார் முன்னால ஒரு வார்த்தை சொல்லட்டும். 'தகுதியில்லாதவங்களத் தகுதியுள்ளவங்களுக்கு முன்னால நிறுத்துனது தப்பு'ன்னு. அவ்வளவுதான். வேற ஒண்ணும் வேண்டாம்."

உபதேசியார் மனைவியைப் பார்த்தார். தாமே சதுப்பில் எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியவர் அவர். குழியில் நீர் ஏறுவதையும், இறக்கிய பெட்டி மெல்ல எழும்புவதையும், ஆட்கள் அதன்மேல் கல்லைத் தூக்கி வைப்பதையும் கண்டவர். அந்தக் காட்சி அவர் தைரியத்தைத் தின்றுவிட்டது. "பூரணம், ஒரு வார்த்தைதான..." என்று அழுதார். "எம்பிள்ளைய தண்ணிக்குள்ள போட என்னால முடியாது, பூரணம்."

அம்மையார் எழுந்தார். ஆம், சபையாரே, அவர் எழுந்து போனார். அவரைக் கல்லென்று நினைக்காதீர்கள். மூப்பர்கள் கூடியிருந்த ஆலய வராந்தாவுக்கு மழையில் நனைந்துகொண்டு நடந்தார். மகள் ஈரத்தில் கிடக்கக்கூடாது என்ற ஒன்றைத் தவிர அவர் மனத்தில் வேறெதுவும் இல்லை. சொல்லிவிடத்தான் போனார். வாயைத் திறந்தார். "தகுதியில்லாத..." என்றார். மேலே வரவில்லை.

மறுபடியும் தொடங்கினார். மறுபடியும் அந்தச் சொல்லிலேயே நின்றது. பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "அய்யா, போன மாசம் லேயாள் பிள்ளைய அந்தத் தண்ணியிலதான வச்சோம். நான் இதைச் சொன்னா, அந்தப் பிள்ளை அங்க கெடக்கது சரிதான்னு ஆயிருமே?"

ஒரு மூப்பர் வேதபுத்தகத்தை மூடி வைத்தார். அம்மையார், "என்னால முடியல அய்யா. மன்னிச்சுருங்க" என்றார். அவர்கள் கேட்ட மன்னிப்பு அதுவல்ல; கதவும் திறக்கவில்லை. அவர் திரும்பி நடந்தார். வெற்றி பெற்றவராக அல்ல, தன் பிள்ளைக்குக் காய்ந்த நிலம் வாங்கித்தர வழியில்லாத தாயாகத் திரும்பினார்.

மழை நாளில் பால் வெட்ட முடியாது. ஆட்கள் எல்லாரும் லயத்திலேயே இருந்தார்கள். செய்தி வரிசை வரிசையாகப் பரவியது. உபதேசியாரும் லயத்து ஆட்கள் இருவரும் மண்வெட்டியோடு சதுப்பில் இறங்கித் தோண்டத் தொடங்கியபோது, வழக்கம்போல் தண்ணீர் ஊறிற்று. வாளியால் இறைத்தார்கள், இறைக்க இறைக்க நிறைந்தது. அம்மையார் அந்தப் பழுப்பு நீரைப் பார்த்துக்கொண்டு குழிக்கரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அவரைத் தூக்கவும் தேற்றவும் ஒருவருக்கும் தெம்பில்லை.

அப்போது லேயாள் மண்வெட்டியைப் பிடுங்கி எறிந்தாள். "தோண்டுனாத்தானய்யா தண்ணி வரும்? தோண்டாதீங்க! மேல கட்டுவோம்!" என்று கத்தினாள்.

ரயில் பாதைக்காக வெட்டிய பள்ளத்தில் செம்பரல் மண் குவிந்து கிடந்தது. நீரை வடித்துவிடும் மண் அது. லயங்களிலிருந்து கூடைகள் வந்தன. பால் வாளிகள் வந்தன. சோற்றுச் சட்டிகூட வந்தது. காய்ச்சலில் கிடந்தவர்களும் வந்தார்கள். கங்காணி ஒருவர் "வேலைக்கு வரச்சொன்னா குளிருது, மண்ணு சொமக்கக் குளிரலியா?" என்று ஏசிக்கொண்டே வந்து, பிறகு தானும் ஒரு கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். பகலெல்லாம் சுமந்தார்கள். சதுப்பின் நடுவே கல்லடுக்கி, அதன்மேல் பரல் கொட்டி மிதித்து, இடுப்புயரம் ஒரு மேடு எழுப்பினார்கள். மேட்டின்மேல் பெட்டியை வைத்து, அதைச் சுற்றிலும் மேலும் மண்ணை ஏற்றினார்கள். ஒரு சொட்டு நீரும் அப்பிள்ளையைத் தொடவில்லை. பொழுது சாய்வதற்குள் உபதேசியார் அடக்க ஜெபத்தை முடித்தார்.

எல்லாரும் கலைந்தபின் அம்மையார் மட்டும் நின்றார். அப்போது ஒருவர் கடைசியாக ஒரு கூடை மண் சுமந்து வந்தார். மேலெல்லாம் செம்மண். முகம் தெரியாதபடி வியர்வையும் மழைநீரும் வழிந்தன. மண்ணை மெதுவாகக் கொட்டி, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தினார்.

"எந்த லயம்ப்பா நீ?" என்று அம்மையார் கேட்டார். "ஒன்னப் பாத்ததில்லையே."

அவர் கூடையைக் கவிழ்த்துத் தட்டிவிட்டுச் சொன்னார்: "எனக்கும் சொந்தமா குழி இல்லம்மா. என்னையும் அடுத்தவங்க குழியிலதான் வெச்சாங்க."

துக்கத்தில் சரியாகக் காதில் வாங்காமல், கூலிக்காரர் ஏதோ தன் வீட்டுத் துக்கத்தைச் சொல்கிறார் என்று அம்மையார் நினைத்தார். தலையசைத்தார். வந்தவர் நடந்துபோய் மரங்களுக்கிடையே மறைந்த பிறகுதான் அந்தச் சொல்லின் பொருள் நெஞ்சில் இறங்கிற்று. சிலுவையிலிருந்து இறக்கி, மற்றொருவர் கல்லறையில் வைக்கப்பட்ட உடல் ஒன்றே ஒன்றல்லவோ! அம்மையார் செம்மண்ணில் முகங்குப்புற விழுந்தார். லேயாள் வந்து தூக்கியபோது, "அவரு வந்தாரு, லேயா. மண்ணு சொமந்தாரு" என்றார். லயம் லயமாய் விசாரித்தார்கள். அப்படி ஓர் ஆளை யாரும் அறியவில்லை.

இதன்பின் கதவு திறந்தது, கிராணியார் மனம் மாறினார் என்று சொல்ல எனக்கு ஆசைதான். நடக்கவில்லை. உபதேசியாரின் ஊழியத்தைச் சங்கம் நிறுத்திற்று. ஊருக்குத் திரும்ப மறுத்து, அவர் தம் கையாலேயே உளி பிடித்துப் பால்மரம் வெட்டிப் பிழைத்தார். அம்மையார் புண் கழுவுவதை விடவில்லை. காலப்போக்கில் அவரும் காய்ச்சலில் மறைந்தார். மகளின் மேட்டிலேயே மண்ணேற்றி அடக்கம் செய்தார்கள். அதன்பின் லயத்தில் யார் இறந்தாலும் கூடை கூடையாய்ச் செம்மண் வந்தது. சதுப்பில் மேடு வளர்ந்தது. குன்றின்மேல் பூட்டு மட்டும் துருப்பிடித்துத் தொங்கியது. பேசத் தெரியாத நாவை ஒரு பொய்க்கும் கொடுக்காத பரிபூரணம் அம்மையாரின் பாதமண் நம் தலைமேல் இருக்கட்டும்.

ஆனால் துதித்துவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள்! அந்தத் தோட்டம் கடலுக்கு அப்பால் இருக்கிறது. உங்கள் கல்லறைத் தோட்டம் அடுத்த தெருவில் இருக்கிறது. அதன் நடுவே ஒரு சுவர் நிற்கிறதா இல்லையா? நிற்கிறது என்றால், கல்லறைத் திருநாளுக்குப் பூவும் மெழுகுவர்த்தியும் வாங்குமுன் கடப்பாரை எடுங்கள். மூப்பர் சாவியைத் தரவில்லை என்றால் சாவி வேண்டாம். சுவரை இடியுங்கள். இடித்த பிறகு வந்து ஜெபம் செய்யுங்கள்.